மேல் வரிசையில் ஐந்தாவது பொத்தான்

6 மார்ச்

சின்னவனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு நீ லினக்ஸ் போட்டது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு நம்பர் வராது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது லிஃப்ட் பாதியில் நின்று, ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் பெற்றெடுத்த வருஷம். தண்ணீர்க் குழாய் மாற்றுகிறோம் என்று நம் தெருவை வெட்டி எட்டு மாதம் மூடாமல் போட்டார்களே, அதில் தபால்காரர் சைக்கிளோடு விழுந்து முன்பல் போனதே, அந்த வருஷம். உங்கம்மாவுக்குத் தலைவலி வர ஆரம்பித்ததும் அப்போதுதான். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். மறுவருஷம் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தாள்.

எழுதுவது மாடி வீட்டு நர்ஸம்மா. முப்பது வருஷம் என் லிஃப்டில் ஏறி இறங்கியவர். நான் பேசுகிறபடி எழுதினால் பார்க்க நன்றாக இருக்காதாம், எழுத்து பாஷையில் எழுதுகிறாராம். திட்டுகிற இடத்தை மட்டும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நீயும் நானும் கத்துவோம். கடிதம் என்றால் நடுவில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் மட்டு மரியாதை இருக்கும்.

இங்கே நான் சுகமா என்று நீ கேட்க வேண்டாம். நீ சுகமா என்று நானும் கேட்கப் போவதில்லை. பெரியவன் போய் வருகிற பன்னிரண்டாம் தேதியோடு பதினோரு மாதம். அண்ணன் சாவுக்கு வராத தம்பி, அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. போடா நாயே. (இது நான் சொன்னபடியே.)

காரியத்துக்கு வருகிறேன். பெரியவன் விளையாடுவானே, ஆறு பேர் பூமிக்கு அடியில் போய்ச் சண்டை போடுகிற அந்தப் பழைய ஆட்டம், அது இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வருகிறது, அதில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். நீதான் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து லினக்ஸில் அதை ஓட வைத்தாய். நீதான் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது என்று மறைக்கவில்லை. மாதம் ஒரு தடவை தூசி தட்டும்போது அதைப் போட்டுப் பார்ப்பேன். போன மாதம் திரையின் மேல் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் எரிந்தது. முப்பத்தொன்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினவன். பொத்தான் எரிந்தால் ஏதோ மாடியில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். அமுக்கினேன். ஏதோ கேட்டது. பெரியவன் விரல் போகிற வழி எனக்குத் தெரியும், ஏழு பொத்தான், அதே வழியில் போனேன். ஒத்துக்கொண்டது. அரைமணி நேரம் என்னவோ ஓடியது. அதோடு ஆட்டம் போச்சு.

எனக்கு அந்த ஆட்டம் எதற்கு என்று நினைப்பாய். திரையின் வலது ஓரத்தில் ஆறு மூஞ்சி வரிசையாக இருக்கும், நினைவிருக்கிறதா. எல்லாருக்கும் நம் வீட்டுப் பேரே வைத்திருந்தான். எனக்குக் கேடயம். கண் தெரியாத உங்கம்மாவுக்கு வில். வாய் ஓயாத உன் அத்தைக்கு மந்திரக்காரி வேஷம். அவன் கூட்டாளி கம்பவுண்டருக்கு மருந்துப் பை. வாளும் தலைமையும் அவனுக்கு. உனக்குப் பூட்டுத் திறக்கிற, தரையில் பொறி இருந்தால் கண்டுபிடிக்கிற வேலை. "என் புள்ளைய திருடனாக்கிட்டியேடா" என்று நான் கேட்டதற்கு, "திருடன் இல்லன்னா அஞ்சு பேரும் காலிப்பா" என்றான்.

உங்கம்மா போன பிறகும், அத்தை போன பிறகும், கம்பவுண்டர் லாரியில் அடிபட்டுப் போன பிறகும் அந்த மூஞ்சிகளை அவன் எடுக்கவில்லை. "அங்க நல்லாத்தானே இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்பான்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் உட்கார்ந்து விளையாடினான். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, இவன் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அஞ்சு மூஞ்சிதான் இருந்தது. உன் மூஞ்சி இல்லை. செத்தால் மூஞ்சி கல்லாகிச் சாம்பல் நிறத்தில் அங்கேயே நிற்கும். இது அப்படி இல்லை, இடமே காலி. "சின்னவன் எங்கடா?" என்று கேட்டேன்.  கீபோர்டில் மூலையில் தனியாக நிற்கிற பொத்தானை விட்டுவிட்டு மேல் வரிசையில் ஐந்தாவது, விளையாட்டை முடிக்கும்போது எப்போதும் அமுக்குவான், அதை அமுக்கினான். அணைத்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்க உன்னை டெஸ்ட் பண்ணி பத்தாம் நாள் நீ வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டாய். பெரிய டாக்டர் என் லிஃப்டில் மூன்று மாடி வாயைத் திறக்காமல் வந்து, இறங்கும்போது, "சின்னவரை வற்புறுத்தாதீங்க" என்றார். நீ கொடுக்க மாட்டேன் என்றது எனக்குப் புரிந்தது. ஆனால் அவன் உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தெரிய வேண்டும். சாகும்போது அவன் உன்னை வேண்டாம் என்று தள்ளினான் என்றால் நானும் தள்ளிவிடுகிறேன், மனசு உறுத்தாது. இல்லை என்றால் உன்னைத் தள்ள எனக்கு உரிமை இல்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படித் திறப்பது என்று எழுது.

அப்பா, கைநாட்டு.


25 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

கவரில் நர்ஸம்மா கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வேலை செய்கிற இடத்தின் வாசலில் நின்றே பிரித்தேன். முதல் பக்கத்திலேயே திட்டு இருந்தது. பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் நன்றாக இருக்கிறேன். தரைக்குக் கீழே ஒரு குளிர் அறையில் கம்ப்யூட்டர்களை அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவை தூங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

அந்த ஆட்டம் விண்டோஸுக்காக எழுதியது, அப்பா. லினக்ஸுக்கு அதன் பாஷை புரியாது. நடுவில் நின்று இதற்குச் சொன்னதை அதற்குப் புரிய வைக்க வைன் என்று ஒன்று இருக்கிறது. வேற்று பாஷை டாக்டர் ஏறினால் நோயாளி சொன்னதை நீங்கள் சைகையிலேயே அவருக்குப் புரிய வைப்பீர்களே, அந்த மாதிரி. "வீட்டுக்குள்ள ஒயினா?" என்று அம்மா கேட்டதும், அண்ணன் கட்டிலில் புரண்டு சிரித்ததும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆட்டம் ரொம்பப் பழையது. அதை ஓட்டப் பழைய காலத்துச் சாமான் சில வேண்டும். நீங்கள் அமுக்கிய ஆரஞ்சுப் பொத்தான், புதிதாக்கட்டுமா என்று கேட்கிற பொத்தான். சரி என்றதும் எல்லாவற்றையும் புதிதாக்கி, பழைய சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டது. அதனால் வைன் வாயடைத்துப்போய் நிற்கிறது. உங்கள் தப்பு இல்லை. உங்களிடம் அதைச் சொல்லாமல் போனது என் தப்பு.

திரும்பப் போட்டுவிடலாம். தனித்தாளில் ஒன்பது வரி எழுதியிருக்கிறேன். நர்ஸம்மா திரையில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒவ்வொரு வரியாக, புள்ளி கோடு மாறாமல் அடிக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும். அது எனக்கே தெரியாது, அண்ணன் மாற்றிவிட்டான். உங்கள் விரலுக்குத் தெரிந்திருப்பது நம் அதிர்ஷ்டம். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அண்ணன் கடைசியாக நிறுத்திய இடம் ஒரு சின்னக் கோப்பாக உள்ளே இருக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் அவன் வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும். செத்தவனை எழுப்பப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. அதனால் அவன் ஒரே ஒரு இடத்தைத்தான் வைத்திருப்பான். அது போனால் போனதுதான்.

முடிந்தால் அந்தப் பென் டிரைவையே எனக்கு அனுப்புங்கள். நான் திறந்து பார்த்து, இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன். என் மூஞ்சி ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள், முன்னால் அல்ல.

உங்கள்
சின்னவன்


19 ஏப்ரல்

சின்னவனுக்கு,

உனக்கு அனுப்ப மாட்டேன். நீ பார்த்துவிட்டு உனக்கு நல்லதாகத்தான் எழுதுவாய் என்று நினைத்தேன். இப்போது அனுப்பவும் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

நர்ஸம்மா மூன்று நாள் பகலில் வந்து அடித்தார். ஊசி போடுகிற விரல், ஒவ்வொரு எழுத்தையும் குத்துகிறார். இரண்டாவது வரியிலேயே கடவுச்சொல் கேட்டது. என் விரலை வைத்து ஏழையும் அமுக்கினேன். திரையில் ஒன்றும் நகரவில்லை. "கீபோர்டு போச்சு" என்றார். "பேசாம இருங்க, தம்பி எழுதியிருக்கான்" என்றேன். உன்னைத் தம்பி என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி. ஆறாவது வரியில் ஒரு கோட்டை விட்டுவிட்டார், முதலில் இருந்து ஆரம்பித்தோம். "பிரசவம் பாத்தப்பகூட இவ்வளவு வேர்த்ததில்ல" என்றார்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அந்தப் பாட்டு கேட்டது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது வருமே, முரசும் குழலும். பெரியவன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்று ஒரு கணம் என் உடம்பு நம்பிவிட்டது. "வரேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு மையில் நீ எழுதியதை நாங்கள் செய்யவில்லை. பென் டிரைவ் வாங்கக் கடைக்குப் போக வேண்டும் என்றார். ஒரிஜினல் கண் முன்னால் இருக்கும்போது காப்பி எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

திறந்தோம். இருட்டு. பெரிய கல் கதவு, அதற்கு முன்னால் அஞ்சு பேர். நீ இல்லை. நான் உன்னைத் தேடினேன். முன்னால் போய்விட்டாயோ என்று கதவைத் தொட்டேன். தொட்டதும் என் ஆள் நடந்தான், பின்னாலேயே நாலு பேரும். தரையில் பொறி. கண்டுபிடிக்கிறவன் இல்லாமல் யாராவது உள்ளே போவானா? கூரையில் இருந்து நெருப்பு கொட்டியது. உன் அத்தை முதலில். மூஞ்சி கல்லாகிவிட்டது. பிறகு எலும்புக்கூடுகள் வந்தன. கம்பவுண்டர். அப்புறம் உங்கம்மா. சின்னவனே, அவளை இரண்டாவது தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டாவது தடவையும் என்னால் ஒன்றும் பண்ண முடியவில்லை. கடைசி வரைக்கும் நின்றது பெரியவன். அவன் மூஞ்சியும் சாம்பலானது.

நான் மட்டும் கேடயத்தோடு ஒரு மூலைக்கு ஓடியிருக்கிறேன். எலும்புக்கூடுகள் போய்விட்டன. சத்தம் இல்லை. நர்ஸம்மா "அணைச்சிடலாம்ணா, வேணாம்" என்றார். அணைப்பதற்கு முன்னால் என் கை தானாகப் போனது. மேல் வரிசை, ஐந்தாவது. அவன் எப்போதும் அதைத்தானே அமுக்குவான். அதை அமுக்கினால் பழைய இடம் அழிந்து இப்போது நிற்கிற இடம் பதிவாகிவிடுமாம், அமுக்காமல் அணைத்திருந்தால் எல்லாரும் அந்தக் கதவு முன்னால் உயிரோடு நின்றிருப்பார்களாம். அதை நர்ஸம்மா இப்போது, இதை எழுதும்போது, உன் தாளைத் திரும்பப் படித்துச் சொல்கிறார்.

என் பிள்ளை கடைசியாக நின்ற இடத்தை நானே அழித்துவிட்டேன்.

நீ அங்கே இல்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொறி பார்க்கிறவன் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, இவன் வேண்டாம் என்று போயிருக்கிறான். இனிமேல் எழுதாதே.

அப்பா.


8 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நர்ஸம்மா, தயவுசெய்து நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

அண்ணன் என்னைத் தள்ளவில்லை. நான் மேலே இருக்கிறேன். அந்தக் குகையின் வாசலுக்கு வெளியே ஒரு சத்திரம் உண்டு, அடுப்பு எரிகிற ஓரத்தில் ஒரு பெஞ்சு. அங்கே என்னை உட்கார வைத்துவிட்டு அவர்கள் ஐந்து பேரும் இறங்கினார்கள். கடைசி வாரம் போனில் அவனே சொன்னான். "உன்னை மேலயே விட்டுட்டேன்டா. இனிமே அஞ்சு பேர்தான்" என்றான். "பொறி யாருடா பாக்குறது?" என்று கேட்டேன். "பாக்க வேண்டாம். இது வெளிய வர்றதுக்காகப் போற குகை இல்ல" என்றான்.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதைச் சொல்ல நான் ஒரு சத்தியத்தை உடைக்க வேண்டும். அவனே இல்லை, உடைக்கிறேன்.

அந்த டெஸ்டில் என் சிறுநீரகத்தைப் படம் எடுத்தார்கள். அவனுக்கு இருந்த அதே நீர்க்கட்டிகள் எனக்கும் இருந்தன. இரண்டு பக்கமும். கொடுக்க முடியாது, எனக்கே நாளைக்கு யாராவது கொடுக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அம்மா வழியாக வந்திருக்கும் என்றார். அம்மாவின் தலைக்குள் வெடித்ததும் இதன் வேலையாக இருக்கலாமாம். அவர் லிஃப்டில் உங்களிடம் வாயைத் திறக்காமல் வந்தது நாங்கள் இரண்டு பேரும் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டதால்.

அண்ணன்தான் முடிவு பண்ணினான். "கோபம் இருந்தா அப்பா நடமாடிக்கிட்டிருப்பார். தெரிஞ்சா படுத்துருவார். நீ ஓடிப்போனவனாவே இருந்துக்கோ" என்றான். இங்கே வேலையோடு வைத்தியமும் கிடைக்கும் என்று அனுப்பியதும் அவன்தான். உங்கள் கோபம் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. "இன்னிக்கு உன்னை நாலு தடவை திட்டினார், ரெண்டு இட்லி கூட சாப்பிட்டார்" என்று சொல்லுவான்.

அவன் இறந்த வாரம் என்னால் விமானம் ஏற முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், என் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது. நாற்காலி ஜன்னல் ஓரம். இதையும் அங்கேதான் எழுதுகிறேன், இடது கை கட்டப்பட்டிருக்கிறது, அதனால்தான் எழுத்து சாய்கிறது.

அப்பா, ஆட்டம் முடியவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஏழு தளம். மேலே வாருங்கள். சண்டை போடாதீர்கள், யார் வந்தாலும் ஓடுங்கள். உங்கள் பையில் நீல பாட்டில் மூன்று இருக்கும். ஒன்று குடித்தால் கொஞ்ச நேரம் யார் கண்ணிலும் பட மாட்டீர்கள். நாலாவது தளத்தில் சிலந்தி. அது கடித்தால் விஷம் ஏறிக்கொண்டே போகும், தூங்கினாலும் இறங்காது. அதற்குப் பச்சை பாட்டில் வேண்டும். அது கம்பவுண்டர் பையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படிக்கட்டிலும் ஐந்தாவது பொத்தான்.

உங்கள்
சின்னவன்


2 ஜூன்

என் கண்ணு சின்னவனுக்கு,

நர்ஸம்மா நிறுத்தாமல் படித்தார்.   முதல் கடிதத்தில் நான் சொன்ன கெட்ட வார்த்தையை வெட்டிவிடச் சொல்லிக் கேட்டேன். போட்ட கடிதத்தை எப்படி வெட்டுவது என்றார். நீ உன் பக்கம் வெட்டிவிடு.

என் மேல் உனக்குக் கோபம் இருக்காது. இருந்தால் நன்றாயிருக்கும்.

என்னுடையதை எடுத்துக்கொள் என்று எழுதச் சொன்னேன். எழுபத்தாறு வயசுக்காரனுடையதை யாரும் தொட மாட்டார்கள் என்றார் நர்ஸம்மா. "ஒன்னு பாதி வேலை செஞ்சாகூடப் போதாதா?" என்றேன். "லிஃப்ட் மாதிரி இல்லண்ணா" என்றார். எதற்கும் உன் டாக்டரிடம் கேள். பீடி கிடையாது, குடி கிடையாது, பிரஷர் கிடையாது. வயசைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கம்மா வழியில் வந்தது என்றாயே, என் வழியில் உங்களுக்கு ஒன்றுமே வரவில்லையே என்று இப்போது இருக்கிறது.

மேலே ஏற ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம். நர்ஸம்மா கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்கிறார், நான் வழி சொல்கிறேன். பெரியவன் இறங்கின வழி எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவன்தானே. இரண்டாவது திருப்பத்தில் உடைந்த சிலை, அதற்கு இடது பக்கம் போகாதே, தண்ணீர்ப் பாலத்தில் மூன்றாவது கல்லை மிதிக்காதே, எல்லாம் கண்ணில் நிற்கிறது. "எழுத்து ஒன்னுதான் உங்க தலையில ஏறல" என்கிறார்.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. கம்பவுண்டர் பையில் கை வைக்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். கல்லாகிக் கிடக்கிறான், பக்கத்தில் பெரியவன், அந்தப் பக்கம் உங்கம்மா. விளையாட்டுதானே என்றார் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் கீழ்த் தளத்துப் பிணவறைக்கு எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன், ஒருத்தர் பையிலும் கை வைத்ததில்லை. வந்துவிட்டேன்.

மூன்று தளம் ஏறியாயிற்று. நீ பெஞ்சிலேயே இரு. எழுந்து எங்கேயும் போகாதே. பதில் போடு. இரண்டு வரி போதும்.

அப்பா.


14 ஆகஸ்ட்

சின்னவனுக்கு,

ஜூன் மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலையில் ஒன்று போட்டேன். அது போன செவ்வாய்க்கிழமை திரும்பி வந்துவிட்டது. கவரில் ஒரு முத்திரை, பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதிய ஒரு வார்த்தை. நர்ஸம்மா அதைப் பார்த்தார். "விலாசம் சரியில்லையாம்" என்றார். பிறகு மாடிப்படியில் நின்று யாருக்கோ போன் பண்ணினார். நீ வேலை செய்கிற இடமாக இருக்கும். ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டுதான் நின்றார். இறங்கி வந்து, "லைன் கிடைக்கலண்ணா" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பத்தொன்பது வருஷம், ஏறுகிறவர் மூஞ்சியைப் பார்த்தே பொத்தானை அமுக்கினவன். பிரசவ வார்டுக்குப் போகிற மூஞ்சி வேறு, ஆபரேஷன் மாடிக்குப் போகிற மூஞ்சி வேறு. தரைக்குக் கீழே ஒரு தளம் உண்டு. அங்கே போகிறவர்கள் மட்டும் எந்தத் தளம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன், அமுக்கிவிடுவேன். நர்ஸம்மாவையும் கேட்கவில்லை. இப்போது இதை எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறார். சளியாம். சளி என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். விலாசம் எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை, கடிதத்தை முடித்துக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

நான் மேலே வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

நாலாவது தளத்தில் சிலந்தி கடித்தது. விஷம். ஒவ்வொரு படிக்கும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது என் மூஞ்சிக்குக் கீழே கோடாகத் தெரிகிறது. திரும்பிக் கீழே போய்ப் பச்சை பாட்டிலை எடுக்கலாம் என்றார் நர்ஸம்மா. கீழே போனால் மேலே வர ரத்தம் போதாது. நீல பாட்டில் கடைசியை ஆறாவது தளத்தில் குடித்தேன். ஏழாவதில் ஓடினேன். இந்த முழங்காலோடு நான் அப்படி ஓடி இருபது வருஷம் இருக்கும்.

வாசல் வந்தது. வெளிச்சம். நீ சொன்ன சத்திரம், நீ சொன்ன அடுப்பு, பெஞ்சு. உட்கார்ந்திருந்தாய். கறுப்புத் துணி, இடுப்பில் சாவிக் கொத்து. பெரியவன் உனக்கு வைத்த மூஞ்சிதான், மூக்கு மட்டும் உன் மூக்கு இல்லை.

உன்னைத் தொட்டேன். கூட வரட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டதாம். நர்ஸம்மா சரி என்று அமுக்கினார். வலது ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் உன் மூஞ்சி வந்தது. நாலு கல், அப்புறம் நானும் நீயும். உன் பேரைத் தொட்டால் உன்னைப் பற்றி ஒரு பக்கம் திறக்கிறது, அதில் விளையாடுகிறவர்கள் விருப்பப்பட்டதை எழுதி வைக்கலாமாம். பெரியவன் எழுதியிருந்தான். நர்ஸம்மா இரண்டு தடவை படித்துச் சொன்னார். "இவனை உள்ளே கூட்டிக்கொண்டு போகக் கூடாது. யார் கேட்டாலும்." அவ்வளவுதான்.

சத்திரக்காரனிடம் பச்சை பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். இல்லை. அடுப்புப் பக்கம் உன்னோடு நின்றேன். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழாவது தளத்துல பதிஞ்சு வெச்ச இடத்துக்குத் திரும்பிப் போயிடலாம்ணா, இன்னொரு தடவை ஏறலாம், பாட்டிலுக்கு வேற வழி இருக்கும்" என்றார். நம் வீட்டுச் சட்டத்தை அவருக்குச் சொன்னேன். செத்தவனை எழுப்பத் திரும்பிப் போகக் கூடாது. பெரியவன் அவனுக்காகவும் போனதில்லை, உங்கம்மாவுக்காகவும் போனதில்லை. எனக்காக நான் போவேனா?

என் மூஞ்சி கல்லானது. சத்தம் ஒன்றும் வரவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

மேல் வரிசையில் ஐந்தாவதை நானே அமுக்கினேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, துணி போட்டு மூடிவிட்டோம். அணைப்பதற்கு முன்னால் திரை ஓரத்தில் அந்த ஆரஞ்சுப் பொத்தான் மறுபடியும் எரிந்தது. யாரோ எங்கேயோ நிற்கட்டும், நான் அமுக்கவில்லை. இனி அதை யாரும் திறக்க வேண்டாம், யாரும் புதிதாக்க வேண்டாம். உள்ளே அடுப்பு எரிகிறது, வாசல் திறந்திருக்கிறது, குகைக்குள் போகச் சொல்ல யாரும் இல்லை.

உன் அத்தை கல். கம்பவுண்டர் கல். உங்கம்மா, பெரியவன், நான். ஆறு பேரில் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான், அது

சின்னவன்.